நிறைகுடம் ஏறிய மஸ்டாங்

பலெர்மோ
10 ஏப்ரல் 2016

என் தங்கச்சி சிவானுஜாவுக்கு,

அண்ணன் விதுரன் எழுதுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். வியா மக்வேதாவுக்குப் பின்சந்தில் ஒரே அறையில் நாங்கள் நாலு பேர். நான் போனில் கேள்வி கேட்டால் மற்ற மூன்று பேரும் பதில் சொல்கிறார்கள். அதோடு இது படம் கீறிக் கேட்கவேண்டிய விசயம். மூன்று படம் வைத்திருக்கிறேன். கோணல் என்று பழிக்காதே.

நானும் ஜோக்கிமும் சேர்ந்து ஒரு மஸ்டாங் கார் வாங்கிவிட்டோம்! ஜோக்கிமைத் தெரியும்தானே, போர்கோ வெக்கியோச் சந்தையடியில் கார் திருத்துகிற கறாச் வைத்திருக்கிறவன். சிகொனெல்லாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் இருந்த ஒருவன் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. 2012ஆம் ஆண்டுக் கறுப்பு மஸ்டாங், எட்டுச் சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணினால் சந்தையில் மீன்காரன் கூவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். எங்கள் சனத்தின் கல்யாணம், சாமத்தியச் சடங்குகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று யோசனை. பகல் முழுக்க வேலை வீட்டுக்காரி சிஞ்ஞோராவையும் அவவின் நாயையும் ஏற்றி இறக்குகிறவனுக்கு இதில் ஏறி இருக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிருகிறது, அதை ஏன் மறைப்பான்.

முதல் ஓட்டம் எங்கள் ஞானாம்பிகை மாமி வீட்டுக் கல்யாணம். ஆனி மாதம் மகன் தேனுஜனுக்குக் கல்யாணம். பொம்பிளை வேணுகா, வன்னிப் பிள்ளை. சண்டை முடிந்தபிறகு சித்தப்பா ஞானசேகரத்தோடு இஞ்சை வந்து சேர்ந்தவள், அவரை விட்டால் வேறு ஒருவரும் இல்லை. காதல் கல்யாணம் என்பதால் மாமிக்கு முகம் அரைவாசிதான் மலர்ந்திருக்கிறது. மற்ற அரைவாசியைச் சடங்கில் காட்டுகிறா. மண்டபத்துப் பைப்புத் தண்ணீரில் நிறைகுடம் வைக்க விடமாட்டாவாம். "கண்டவன் கை கழுவிற தண்ணியிலையோ என்ரை பிள்ளைக்குக் குடம் நிறைக்கிறது? வீட்டிலை சாமிக்கு முன்னாலை நிறைச்சு, என்ரை மடியிலை வைச்சுக் கொண்டுவருவன். ஒரு துளி சிந்தப்படாது, விதுரன்" என்று சொல்லிவிட்டா.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டியில் தண்ணீர் நிறைத்து ஜோக்கிமின் மடியில் வைத்து ஓடிப்பார்த்தேன். போர்கோ வெக்கியோவின் கல்லுத் தெரு தாண்டுவதற்குள் அவனுடைய காற்சட்டை நனைந்து, இறங்கி நடந்தபோது சந்தையே சிரித்தது. கடற்படைக்காரன் ரேஸ் ஓட என்று இரும்பு மாதிரி இறுகின சொக் அப்சோபர் போட்டிருக்கிறான். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகாணி இருக்கிறது. அது என்ன என்று படத்தைப் பார்த்துச் சொல்.

அண்ணன்
விதுரன்

வின்ஸர், கனடா
26 ஏப்ரல் 2016

அன்புள்ள அண்ணா,

கடவுளே! சிலிண்டரை எண்ணி வாங்கியிருக்கிறீர்கள், பின் அச்சைக் குனிந்து பார்த்தீர்களா? நான் ஒவ்வொரு நாளும் பாலம் தாண்டி டெட்றோயிற்றில் கார் கொம்பனிக்குப் போய்ச் செய்கிற வேலையே இதுதான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, சொல்கிறேன், ஜோக்கிம் அண்ணாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் வண்டியில் பின்சில்லு இரண்டையும் ஒரே இரும்புத் தண்டு பிடித்திருக்கிறது. ஒரு சில்லு கிடங்கில் விழுந்தால் மற்றச் சில்லும் சேர்ந்து சரியும். 2015இலிருந்து வருகிற மஸ்டாங்கில் இரண்டும் தனித்தனி, ஒன்று விழுந்தாலும் மற்றது தன்பாட்டில் ரோட்டைப் பிடித்திருக்கும். பழைய முறை கெட்டது என்று சொல்லமாட்டேன். நேர் ரோட்டில் பாய்வதற்கு அது நல்ல முறை, வளைவிலும் கெட்டித்தனமாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் வளைவின் நடுவில் ரோடு தூக்கிப் போட்டால் பின்பக்கம் முழுதாக ஒரு துள்ளுத் துள்ளும். அந்த நேரம் அதை அடக்கிப் பிடிப்பது சொக் அப்சோபர்தான்.

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை நிறுத்துவது சொக். திருகாணியை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் சொக் இளகும், வண்டி தொட்டில் மாதிரி அசையும், குடம் சிந்தாது. முன்னுக்கு இரண்டு பொனெற்றுக்குக் கீழே, பின்னுக்கு இரண்டு டிக்கிக்குள் கம்பளத்துக்கு அடியில் இருக்கும். இளகின வண்டி மெதுவாக, நேராக, தெருவுக்குள் போக மட்டும்தான். குடம் இறங்கியவுடனே வலப்பக்கம் திருப்பி இறுக்கிவிடவேண்டும். இறுக்காமல் மலைப்பாதைக்குக் கொண்டுபோனால் முதல் துள்ளல் அடங்கமுதல் அடுத்த துள்ளல் வந்துவிடும், பிறகு ஸ்ரியறிங் உங்கள் சொல் கேட்காது.

நாங்கள் இங்கே செய்கிற வண்டிகளில் சொக்குக்குள் இரும்புத்தூள் கலந்த எண்ணெய் இருக்கிறது. வளைவு வந்தால் காந்தத்தால் தானே தடிக்கும். உங்கள் வண்டியில் அந்த மூளை இல்லை, ஆகவே நானே மூளை. கல்யாணத்துக்கு லீவு கேட்டுவிட்டேன். இளக்குவதும் இறுக்குவதும் என் பொறுப்பு, ஜோக்கிம் அண்ணா கைவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தங்கச்சி
சிவானுஜா

பலெர்மோ
15 மே 2016

சிவா,

நீ சொன்ன மாதிரி இளக்கினோம். கைவைக்க வேண்டாம் என்றாய், ஆனால் ஒத்திகை பார்க்காமல் இருக்கமுடியுமா? சட்டி மடியில், போர்கோ வெக்கியோ முழுக்கச் சுற்றினோம், ஜோக்கிம் காய்ந்தபடி இறங்கினான்! மாமிக்குச் சொன்னேன். "அவள் அமெரிக்கன் கொம்பனியிலை இருக்கிறவளெல்லே" என்று மாமி கண்டவர் நிண்டவருக்கெல்லாம் சொல்லித் திரிகிறா. இப்போது திரும்ப இறுக்கி வைத்திருக்கிறோம், கல்யாணத்தன்று நீயே செய்.

இன்னொரு விசயம். கோவிக்காதே. மாமி உனக்கு ஒரு இடம் பார்த்திருக்கிறா. சூரிச்சில் இருக்கிற குடும்பம், மாப்பிள்ளை வங்கியில் வேலை. தாயும் தகப்பனும் கல்யாணத்துக்கு வருகிறார்கள், உன்னைப் பார்க்கத்தான். நீ என்ன வேலை என்று கேட்டால் டிசைன் என்று மட்டும் சொல்லட்டாம். காருக்கு அடியில் படுக்கிற கதை கதைக்க வேண்டாமாம். நான் சொல்லவில்லை, மாமி சொன்னது.

உனக்குப் பட்டுச் சீலை ஒன்று மாமியே எடுத்து வைத்திருக்கிறா. வா.

அண்ணன்

பலெர்மோ
10 யூலை 2016

சிவா,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று போனில் சொன்னாய், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அறையில் மற்ற மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

மாமிக்கு இடுப்பெலும்பு ஒபரேசன் முடிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். நடக்கலாம், ஆனால் பழைய நடை வராது என்று டாக்டர் சொன்னார். நீ ஆஸ்பத்திரிக்கு வராமல் விமானம் ஏறினதை மாமி குறையாக எடுக்கவில்லை. "பிள்ளைக்கு வேலை, பாவம்" என்றா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு அந்த நாளே கண்ணுக்குள் நிற்கிறது. காலையில் குடம் ஒரு துளி சிந்தாமல் மாமியின் மடியில் வந்து மண்டப வாசலில் இறங்கியதும், சனம் கைதட்டினதும், மாமி உன்னைக் கூப்பிட்டு எல்லாருக்கும் காட்டினதும். தாலி கட்டி முடிய மொன்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறவேண்டும் என்று மாமி ஒற்றைக்காலில் நின்றா. சைவக்காரரோ வேதக்காரரோ, பலெர்மோத் தமிழர் கல்யாணம் முடிந்தால் ஊரைக் காக்கிற சந்தா றொசாலியாவின் குகைக்கோயிலுக்குப் போகாமல் விடமாட்டார்கள்தானே. நாலு பேருக்கான வண்டியில் ஐந்து பேர் ஏறினோம். மாமி எனக்குப் பக்கத்தில். பின்னுக்கு தேனுஜன், வேணுகா, நீ. ஐந்து பேரை ஏற்றினது என் பிழை, பொலிசுக்கும் அதை ஒத்துக்கொண்டேன்.

ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போதுதான் அந்த வளைவில், மரவேர் ரோட்டைத் தூக்கியிருந்த இடத்தில், வண்டி ஒருமுறை எழும்பி, அடங்காமல் மறுபடி எழும்பி, பின்பக்கம் எங்கேயோ போய்விட்டது. நான் ஸ்ரியறிங்கைத் திருப்பினேன், அது இன்னொருவனுடைய வண்டி மாதிரி இருந்தது. கல்மதில் மாமியின் பக்கம் வந்தது.

சும்மா ஒன்று கேட்கிறேன், பிழையாக எடுக்காதே. மண்டப முற்றத்தில் ஸ்குறூ டிரைவரை உன் கையில் தந்தேன். பிறகு "முடிஞ்சுதோ?" என்று கேட்டேன். நீ "ஓம்" என்றாய். நாலையும் இறுக்கினாய்தானே?

அண்ணன்

வின்ஸர்
29 யூலை 2016

அன்புள்ள அண்ணா,

மாமியின் நிலைமை அறிந்து கவலை அடைந்தேன். என் வணக்கத்தைச் சொல்லவும்.

நீங்கள் கேட்டது பற்றி: இப்படியான விபத்துக்கு ஒரே காரணம் என்று சொல்லமுடியாது. ஐந்து பேரின் பாரம், டிக்கியில் இருந்த சடங்குத் தட்டங்கள், இறக்கம், பழைய ரயர், ரோட்டின் மேடு, வளைவுக்குள் நீங்கள் திடீரென்று அக்ஸிலேற்றரை விட்டது, எல்லாம் சேர்ந்தே நடந்திருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் சொல்வது சரியில்லை.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

சிவானுஜா

பலெர்மோ
21 ஆகஸ்ட் 2016

சிவானுஜா,

உன் கடிதத்தை மூன்று இடத்தில் இருந்து வாசித்தேன். அறையில், சிஞ்ஞோரா வீட்டுச் சமையலறையில், பொலிதேயாமாத் தியேட்டருக்கு முன்னால் அவவின் நாயைப் பிடித்துக்கொண்டு. எங்கிருந்து வாசித்தாலும் கோதாரி விழுந்த அதே கடிதமாகத்தான் இருந்தது. அளந்து பார்க்கவேண்டுமாம்! யாருக்கு எழுதுகிறாய், உன் மனேஜருக்கோ?

நான் முதலே சொல்லியிருக்கவேண்டியதை இப்போது சொல்கிறேன். நான் பார்த்துவிட்டேன். நொறுங்கின வண்டி ஜோக்கிமின் கறாச்சுக்கு வந்த அன்றே டிக்கிக் கம்பளத்தைத் தூக்கினேன். திருகாணி இரண்டும் இடப்பக்கம் முழுக்கத் திரும்பி இருந்தன. முன்னுக்கும் அப்படியே. நீ தொடவே இல்லை.

இன்னும் கேள். ஜோக்கிமைக் கோப்பி வாங்கிவா என்று அனுப்பிவிட்டு, அவன் வருவதற்குள் நாலையும் நானே இறுக்கிவிட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு "எல்லாம் சரியாத்தானே இருக்கு மச்சான், ஆண்டவற்றை விளையாட்டு" என்றான். நான் ஓம் என்று கோப்பியைக் குடித்தேன். உனக்குச் சூரிச் சம்பந்தம் கெடக்கூடாது என்று நினைத்தேன். அது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி, என்னை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை என்பது.

ஏன் சொல்லவில்லை தெரியுமா? மாமி ஆளைக் கண்டுபிடித்துவிட்டா. "விதுரன் நல்ல டிறைவர், அவனிலை பிழையில்லை. உவள் கால் வைச்ச நேரம்" என்கிறா. உவள் என்பது வேணுகா! கட்டிலில் கிடந்துகொண்டு வருகிற சனத்துக்கெல்லாம் சொல்கிறா. "வன்னியிலை தாய் தேப்பன் எல்லாரையும் துலைச்சுப்போட்டு வந்தவள். தாலி ஏறி ஒரு பொழுது போகேல்லை, என்ரை இடுப்பை முறிச்சிட்டாள்." அந்தப் பிள்ளைதான் மாமியைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறாள், கழுவிவிடுகிறாள். ஆனால் சாமிக்கு விளக்கேற்ற விடமாட்டா. அவள் கையால் தேத்தண்ணி வாங்கமாட்டா, தேனுஜன் வாங்கிக் கொடுக்கவேண்டும். அந்த மடையனும் தாய்க்கு முன்னால் வாய் திறக்கிறான் இல்லை. இப்போது, ஐப்பசி பிறக்க அவளைச் சித்தப்பா வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகக் கதை. அனுப்பினால் திரும்பக் கூப்பிடுகிற ஆட்கள் இல்லை இவர்கள்.

நான் போனால் மாமி எனக்குத் தலைமாட்டில் கதிரை போடச் சொல்கிறா. வேணுகாதான் கதிரை கொண்டுவருகிறாள். "இருங்கோ அண்ணா" என்கிறாள். எனக்கு அந்தக் கதிரையில் இருக்க உடம்பு கூசுகிறது. இருந்துவிட்டுத்தான் வருகிறேன்.

போன கிழமை மாமியிடம், வண்டியில்தான் ஏதோ பிழை என்று மெல்லத் தொடங்கினேன். "நீ நல்ல பிள்ளை, அவளைக் காப்பாத்தப் பாக்கிறாய். சிவானுஜா பாத்துக் குடுத்த வண்டியிலை பிழை வருமோ?" என்று கேட்டா. நான் சொல்லி மாமி நம்பமாட்டா. வண்டியைப் பற்றி மாமி நம்புகிற ஒரே ஆள் நீதான். நீ எழுது. ஏன் இறுக்கவில்லை என்று எழுது. எனக்கும் தெரியவேண்டும்.

விதுரன்

வின்ஸர்
11 செப்டெம்பர் 2016

அண்ணா,

மன்னிப்புக் கேட்கும் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. நாலு தரம் எழுதிக் கிழித்தேன். வேலைத்தளத்தில் பழுதுக்குக் காரணம் எழுதுவது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, அதே நடையில் உங்களுக்கும் எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். நீங்கள் ஸ்குறூ டிரைவரைத் தந்தபோது நான் டிக்கிப் பக்கம்தான் போனேன். டிக்கி நிறையத் தட்டங்கள். அதை இறக்கி, கம்பளத்தைத் தூக்கி, பட்டுச் சீலையோடு உள்ளே குனியவேண்டும். அந்த நேரம் மாமி சூரிச்காரரைக் கூட்டிக்கொண்டு, மாமாவும் பின்னால் வர, முற்றத்துக்கு வந்தா. "இவதான் எங்கடை சிவானுஜா. கொம்பியூட்டரிலை இருந்து டிசைன் பண்ணுறவ. கறாச்சு வேலை இல்லை" என்றா. மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பார்த்தா. நான் ஸ்குறூ டிரைவரைச் சீலைத் தலைப்பால் மூடினேன், பிறகு கைப்பைக்குள் போட்டேன். சிரித்தேன். அவர்களோடு உள்ளே போய் லட்டு சாப்பிட்டேன்.

மறந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. மறக்கவில்லை. நீங்கள் "முடிஞ்சுதோ" என்று கேட்டபோது அந்த அம்மா பக்கத்தில் நின்றா. "இல்லை" என்றால் திரும்பப் போய்க் குனியவேண்டும். "ஓம்" என்றேன். மலை ஏறும்போது பின்சீட்டில் இருந்து ஒவ்வொரு அசைவையும் எண்ணினேன் அண்ணா. வண்டி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். குகைக்கு முன்னால் நின்றபோதுகூட உங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மெதுவாகத்தானே இறங்குவார் என்று என்னை நானே ஆற்றினேன். நீங்களும் மெதுவாகத்தான் இறங்கினீர்கள். அந்த மேடு இல்லாவிட்டால் தப்பியிருப்போம். ஆனால் இறுக்கியிருந்தால் அந்த மேட்டிலும் தப்பியிருப்போம்.

ஆஸ்பத்திரிக்கு வராமல் ஓடினதும் விமானத்துக்காக இல்லை. மாமி என்னைப் பார்த்து "பாவம்" என்று சொல்லிவிடுவா என்று பயந்தேன்.

சூரிச்சில் இருந்து போன கிழமை கதைத்தார்கள். நான் வண்டிக்கு அடியில் படுக்கிறவள் என்று சொன்னேன். இரண்டு நாளில் சொல்வதாகச் சொன்னவர்கள் இன்னும் சொல்லவில்லை.

மாமிக்கு எழுதினதைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். ஒரு சொல்லும் விடாமல், வேணுகாவும் இருக்கும்போது வாசியுங்கள். ஆனால் அண்ணா, ஒன்று சொல்லவேண்டும், கோபம் வந்தாலும் வரட்டும். நான் பொய் சொன்னேன். நீங்கள் அதைக் கண்ட அன்றே அதன் தடயத்தை அழித்தீர்கள். என் கல்யாணத்துக்காக என்று இனி ஒருவருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் பங்கை நீங்களே சொல்லுங்கள்.

சிவா

மாமிக்கு வாசிக்க:

மாமி, உங்களுடைய இடுப்பு முறிந்தது வேணுகா கால் வைத்த நேரத்தால் இல்லை. குடம் சிந்தாமல் வர வண்டியை இளக்கினோம். குடம் இறங்கியதும் இறுக்கவேண்டியது என் வேலை. நான் இறுக்கவில்லை. கறாச்சுக்காரி என்று சூரிச்காரர் நினைத்துவிடுவார்கள் என்று வெட்கப்பட்டு, அண்ணாவிடம் இறுக்கிவிட்டேன் என்று பொய் சொன்னேன். இறுக்காத வண்டி அந்த வளைவில் அப்படித்தான் போகும். அந்த வண்டியில் எந்த மருமகள் இருந்திருந்தாலும் அப்படித்தான் போயிருக்கும். பிழை என்னுடையது. வேணுகாவிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், உங்களிடமும்.

பலெர்மோ
2 ஒக்டோபர் 2016

சிவா,

வாசித்துவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் போனேன். மாமி கதிரையில் இருந்தா, பக்கத்தில் பிடித்து நடக்கிற இரும்புச் சட்டம். கோபாலசிங்கம் மாமா ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். தேனுஜன் இருந்தான். வேணுகா வழக்கம்போலக் குசினி வாசலில் நின்றாள். உள்ளே ஒரு பயணப்பை கட்டி வைத்திருந்தது தெரிந்தது. நான் கதிரை வேண்டாம் என்று நின்றபடியே வாசித்தேன். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்தில் இருந்து வாசித்தேன். பிறகு நான் கறாச்சில் செய்ததையும் சொன்னேன். நாலையும் இறுக்கினது, கோப்பி குடித்தது, ஒன்றும் விடவில்லை.

மாமி முதலில் நம்பவில்லை. "படிச்ச பிள்ளை அப்பிடிச் செய்யாது. இவளுக்காக நீதான் அவளைக் கொண்டு எழுதுவிச்சிருக்கிறாய்" என்று கத்தினா. மாமா ரீவியை நிறுத்தினார். அவர் மாமிக்கு எதிராக வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. "ஞானம், கறாச்சு வேலை இல்லை எண்டு அண்டைக்கு முற்றத்திலை சொன்னது நீ. நான் பக்கத்திலை நிண்டனான்" என்றார். அவ்வளவுதான். மாமி நடக்கிற சட்டத்தைத் தன்பக்கம் இழுத்து, அதைப் பிடித்தபடி தலையைக் குனிந்தா. அவவை அப்படி நான் கண்டதில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலுக்கும் வெட்கப்பட்டேன்.

பிறகு மாமி தலையை நிமிர்த்தாமல் சொன்னா: "பிள்ளை வேணுகா, எனக்கொரு தேத்தண்ணி போட்டுக் கொண்டா."

மாமியிடம் இருந்து வரக்கூடிய மன்னிப்பு அதுதான் என்று எல்லாருக்கும் விளங்கியது. தேனுஜன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வேணுகா தேத்தண்ணி போட்டாள். எல்லாருக்கும் கொடுத்தாள். மாமி அவள் கையில் இருந்தே வாங்கினா. எனக்கும் ஒரு கோப்பை வந்தது. பயணப்பையை தேனுஜன் எடுத்து அறைக்குள் கொண்டுபோய் அவிழ்த்தான். நான் நினைத்தேன், முடிந்தது, இனிமேல் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று.

நான் இறங்கி வர, அவள் குப்பைப் பையோடு பின்னால் வந்தாள். படியில் நின்றோம். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன் சிவா, "அதுக்கென்ன தங்கச்சி" என்று பதிலைக்கூட வாயில் வைத்திருந்தேன்.

அவள் கத்தவில்லை. "அம்மாவைச் செல்லடியிலை சாகக் குடுத்திட்டு வந்தனான் அண்ணா. அதுவும் என்ரை ராசி எண்டு மாமி சொன்னவ. ஒவ்வொரு நாளும் கேட்டுக் கேட்டு நானும் நம்பத் தொடங்கீட்டன். இவரைத் தொடவே பயமாக் கிடந்தது, இவருக்கும் ஏதும் ஆயிடுமோ எண்டு" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கார் எப்பிடிச் சறுக்கினது எண்டு இப்ப எனக்கு வடிவா விளங்குது. அக்கா நல்லா எழுதியிருக்கிறா. நீங்கள் ரெண்டு பேரும் எப்பிடிச் சும்மா இருந்தனீங்கள் எண்டதையும் ஒருக்கா எழுதி வாசிச்சுக் காட்டுங்கோ. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

குப்பையைப் போட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

சிவா, நேற்று இரவு அதை எழுதக் குந்தினேன். நீ உனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பு, நான் என்னுடையதோடு சேர்த்து வாசிக்கிறேன். எனக்கு இன்னும் முதல் வரியே வரவில்லை.

அண்ணன்
விதுரன்